நியோ பாரிஸிலிருந்து நீரோடிக்கு

அன்புள்ள சார்,

குமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கணினி அறிவியல் படித்து முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் தளத்தில் வீடியோ கேம்களைப் பற்றி எப்போதாவது நீங்கள் எழுதுவதை விடாமல் வாசித்துவிடுவேன்.

போன மாதம் தள்ளுபடியில் வாங்கி ‘ரிமெம்பர் மீ’ விளையாடி முடித்தேன். 2013ல் வந்த கேம். கதை நடப்பது 2084ல், நியோ பாரிஸ் என்ற நகரத்தில். மெமரைஸ் என்ற கம்பெனி கிட்டத்தட்ட எல்லாருடைய கழுத்தின் பின்பக்கமும் சென்சென் என்ற கருவியைப் பொருத்தியிருக்கிறது. அதை வைத்து நினைவுகளை விற்கலாம், வாங்கலாம், வேண்டாததை அழித்துக்கொள்ளலாம். அடுத்தவர் நினைவைத் திருடவும் திருத்தவும் தெரிந்த நிலின் என்ற பெண்தான் நாயகி. தொடக்கத்திலேயே அவளுடைய நினைவுகளை அழித்துவிடுகிறார்கள். அந்த நகரத்தைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டேன். ஆனால் பாதி தாண்டியதும் சலிப்பு வந்தது. கூட இருந்து பார்த்த நண்பன் ‘பாக்க நல்லா இருக்கு, வேற ஒண்ணும் இல்லடே’ என்று முடித்துவிட்டான். எனக்கு அப்படி விட மனசில்லை. இவ்வளவு பெரிய கற்பனை விளையாட்டில் ஏன் இறங்காமல் போனது?

இன்னொன்று. நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு கேம் செய்யத் தொடங்கியிருக்கிறோம். கடல் ஏறிவந்து தேங்காப்பட்டணம் முதல் நீரோடி வரை ஊர்கள் போய்விட்ட காலம். கரைக்காரர்களைப் பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே முகாம்களில் வைத்திருக்கிறார்கள். மாவட்டம் முழுவதையும் வரைய வேண்டும் என்று ஆசை. இருப்பது இரண்டு லேப்டாப். ஆசை அதிகமோ சார்?

ர., கருங்கல்

*

அன்புள்ள ர.,

‘பாக்க நல்லா இருக்கு’ என்று உங்கள் நண்பர் சொன்னதை, அவர் நினைத்ததைவிடப் பெரிய பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறேன். எதிர்கால நகரம் என்றால் ஓயாத மழை, நியான் விளக்கு, இருட்டுச் சந்து என்று ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. இந்தக் கேமைச் செய்த டோன்ட்நாட் நிறுவனத்தார் பாரிஸில் உட்கார்ந்துகொண்டு பாரிஸை வரைந்தவர்கள். அவர்களுக்கு அந்த வாய்ப்பாடு தேவைப்படவில்லை. பழைய கல் கட்டடங்கள் அப்படியே நிற்க, அவற்றின் தலைமேல் புதியவை ஏறி உட்கார்ந்திருக்கின்றன. நல்ல வெயில் அடிக்கிறது. ஒரு கடையை நெருங்கினால் அதன் விவரங்கள் காற்றில் விரிகின்றன. கீழே ‘ஸ்லம் 404’. நினைவு வியாபாரத்தில் மூளை குழம்பி, உடம்பும் உருமாறிப்போன லீப்பர்கள் திரியும் இடம். இணையத்தில் காணாமல் போன பக்கத்தின் எண்ணை ஒரு சேரிக்குப் பெயராக வைத்தவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

இசையையும் சொல்ல வேண்டும். இசையமைப்பாளர் ஒலிவியே தெரிவியேர் லண்டனின் ஃபில்ஹார்மோனியா இசைக்குழுவை வாசிக்கவைத்துப் பதிவு செய்தார். அப்புறம் அந்த ஒலியைக் கணினியில் போட்டு வெட்டி, திக்கவைத்து, சிதைத்தார். வயலின்கள் எழும்பி வரும்போதே பழுதான கேசட் மாதிரி உடைகின்றன. நினைவு கலைவதைக் காதால் கேட்கிறோம். சண்டையில் நம் அடிகள் வரிசை தப்பாமல் விழுந்தால் இசையும் கூடவே ஏறுகிறது. இந்தக் கேமில் எண்ணமும் செய்கையும் முழுக்க ஒன்றாகச் சேர்ந்த இடம் இந்த இசைதான் என்பேன்.

சரி, உங்கள் சலிப்புக்கு வருகிறேன். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பள்ளியிலிருந்து கூட்டிப்போயிருப்பார்கள். ஒரு வாசலில் நுழைந்தால் காட்டிய வழியே நடந்து இன்னொரு வாசலில் வெளியே வர வேண்டும். மரவேலைப்பாட்டைப் பார்க்கலாம், கட்டிலில் உட்கார முடியாது. நியோ பாரிஸும் அப்படித்தான். ஒரு தெருவை எட்டிப் பார்த்தால் உள்ளே போகத் தோன்றும், போக முடியாது. ஏறவேண்டிய விளிம்பு எது என்று ஆரஞ்சு நிற அம்பு காட்டிக்கொடுக்கும். எங்கே தாவுவது என்று யோசிக்கும் வேலைகூட நமக்கு இல்லை. அரண்மனைக்கு அது பொருந்தும், பழைய மரத்தைப் பாதுகாக்க வேண்டும். ஒரு சர்வாதிகாரக் கம்பெனியை எதிர்த்துக் கிளம்பிய பெண், போட்டுவைத்த பாதையை விட்டு ஓரடி விலக முடியாமல் கலகம் செய்வதுதான் வேடிக்கை.

ஆனால் குறுகலான பாதை ஒரு கேமைக் கெடுத்துவிடாது. அருமையான கேம்கள் பல ஒரே பாதையில் போகின்றன. நான் குறையாகப் பார்ப்பது வேறு. ஒரு கேம் எதைப் பற்றியது என்று தெரிய, அதன் கதைச்சுருக்கத்தைவிட ஆட்டக்காரரின் கை அதிக நேரம் என்ன செய்கிறது என்று பார்ப்பேன். ‘ரிமெம்பர் மீ’யின் கதை நினைவைப் பற்றியது. நம் கை அதிக நேரம் குத்துகிறது, உதைக்கிறது.

சண்டைக்குள்ளும் ஒரு நல்ல யோசனை இருக்கத்தான் செய்கிறது. அடிகளின் வரிசையை நாமே அடுக்கிக்கொள்ளலாம். ஓர் அடி எதிராளியை நோகடிக்கும், ஓர் அடி நம் உயிரை ஏற்றும், ஓர் அடி சிறப்புச் சக்திகள் சீக்கிரம் திரும்பக் கிடைக்கச் செய்யும், நான்காவது வகை முன்னால் விழுந்த அடியின் பலனைப் பெருக்கும். அடி வாங்கிக்கொண்டிருக்கும்போதே ஆட்டத்தை நிறுத்தி, உயிரேற்றும் அடிகளை வரிசையின் கடைசிக்கு மாற்றி, திரும்பப் போய் ஜெயித்தபோது எனக்கு உற்சாகமாகவே இருந்தது. ஆனால் அடிக்கும் பொத்தான் இரண்டுதான், வரிசைகளின் வடிவமும் முன்பே முடிவானது. கேமரா வேறு அடிக்கடி சுவரில் முட்டிக்கொள்கிறது. பாதி தாண்டியதும் உங்களுக்கு வந்த சலிப்பு நியாயமானதே.

நினைவைத் திருத்தும் காட்சிகளைப் பார்த்துத்தான் நாமெல்லாம் இந்தக் கேமின்மேல் ஆசை வைத்தோம். ஒருவருடைய நினைவுக்குள் நுழைகிறோம், அது ஒரு சின்னப் படம்போல ஓடுகிறது. முன்னும் பின்னும் ஓட்டி, அங்கங்கே மினுங்கும் பொருள்களில் கைவைக்கலாம். ஒருவன் காதலியோடு சண்டை போட்ட நினைவில், மேசையை நகர்த்தி, துப்பாக்கியின் பாதுகாப்புக் கொக்கியை விடுவித்துவிட்டால், அவளைத் தானே சுட்டுக் கொன்றுவிட்டதாக அவன் நம்பத் தொடங்குகிறான். ஒன்றுமே நடக்கவில்லை, ஆனாலும் அவன் கொலைகாரன். இப்படி ஒரு விளையாட்டை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. இத்தகைய காட்சிகளை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். அவற்றிலும் சரியான விடை ஒன்றுதான். வேறு மாதிரி அடுக்கினால் வேறொரு முடிவு ஓடும், பார்க்க அதுவும் சுவாரஸ்யம். ஆனால் கேம் அதைத் தப்பு என்று ஒதுக்கிவிட்டு மறுபடி செய்யச் சொல்லும். அடுத்தவர் மனசுக்குள் நின்றுகொண்டிருக்கிறோம், அங்கே என்ன செய்ய வேண்டும் என்பதை வேறு யாரோ முடிவு செய்துவிட்டார்கள்.

ஒல்காவை நினைத்துப் பாருங்கள். கணவனின் சிகிச்சைக்குப் பணம் வேண்டும் என்று நிலினைப் பிடிக்க வருகிறாள். நிலின் அவளுடைய நினைவில் புகுந்து, கணவனை மருத்துவரே கொன்றுவிட்டதாக மாற்றிவைக்கிறாள். அந்த நொடியில் ஒல்கா கட்சி மாறிவிடுகிறாள், அப்புறம் நமக்கு உதவியாகவும் வருகிறாள். இதைவிடக் கொடூரமான ஒன்றை அந்தக் கதையின் வில்லன்கள்கூடச் செய்தார்களா என்று சந்தேகம். நிலின் அத்தியாயங்களுக்கு நடுவே தன்னைத்தானே கேட்டுக்கொள்கிறாள்தான். ஆனால் அது வசனத்தோடு முடிந்துவிடுகிறது, உடனே அடுத்த சண்டை வந்துவிடுகிறது.

நம் மாவட்டத்துக்காரர்களால் அந்தக் காட்சியை அவ்வளவு லேசாகக் கடக்க முடியாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களில் பலர் திரும்பவில்லை, உடலும் வரவில்லை. காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்வதற்குச் சட்டப்படி ஏழு ஆண்டு ஆக வேண்டும். அதுவரை காத்திருக்கவைக்க முடியாது என்பதால் தனி ஏற்பாடு செய்து நிவாரணம் கொடுத்தார்கள். செய்ய வேண்டிய காரியம்தான் அது. ஆனால் அந்த நிவாரணக் காகிதத்தை ஒரு வீட்டார் வாங்கும்போது, ஆள் இனி இல்லை என்று தங்கள் கையாலேயே எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. நிவாரணத்தைக் கையில் வாங்கிக்கொண்டே, வேறு ஏதாவது கப்பல் ஏற்றிக்கொண்டு போயிருக்கும், என்றைக்காவது வருவான் என்று சொல்கிறவர்கள் எந்த மீனவ ஊரிலும் இருப்பார்கள். ஒரு சாவை நம்பவைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று கடற்கரைக்குத் தெரியும். கேமில் அது பொருள்களை இடம்மாற்றும் ஒரு புதிராக நின்றுவிடுகிறது.

மெமரைஸ் கம்பெனி தூத்தூரில் ஒரு கடை திறந்து, அந்த நவம்பரை அழித்துத் தருகிறோம் என்று பலகை வைத்தால் யாராவது போவார்களா? சிலர் போவார்கள் என்றுதான் நினைக்கிறேன். அவர்களை ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டேன். கேமோ நினைவை விற்றவர்களைப் பரிதாபத்துக்குரியவர்களாக, இல்லாவிட்டால் பாய்ந்து கடிக்கும் லீப்பர்களாக மட்டும் காட்டுகிறது. மனசாரப் போய் மறந்துவிட்டு நிம்மதியாக இருக்கும் ஒருத்தியை நிலின் எதிரே நிறுத்தியிருந்தால் அவளுடைய புரட்சியே ஆடிப்போயிருக்கும். எழுதியவர்களுக்கு இது தோன்றாமல் இருந்திருக்காது. பிரெஞ்சு அறிவியல் புனைவு எழுத்தாளர் அலைன் தமாசியோ அந்த உலகத்தை உருவாக்கியவர்களில் ஒருவர்.

இப்படி ஆனதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. முதலில் இதைப் பிளேஸ்டேஷன் 3க்கான ரோல் பிளேயிங் கேமாகத்தான் திட்டமிட்டார்கள். அந்த வகையில் ஆட்டக்காரரின் முடிவுகளுக்கு இடம் இயல்பாகவே அதிகம். வெளியிடுவதாக இருந்த சோனி 2011ல் கைவிட்டது. வேறு இடங்களில் கேட்டபோது, பெண் நாயகி என்றால் விற்காது என்று சில பதிப்பாளர்கள் மறுத்ததை இயக்குநர் ழான்-மாக்ஸ் மோரிஸ் பிறகு சொல்லியிருக்கிறார். கடைசியில் கேப்காம் என்ற பதிப்பு நிறுவனம் எடுத்துக்கொண்டது, அதிரடிக் கேமாக உருமாறி வெளிவந்தது. நாயகியை மாற்றாமல் நின்றார்கள் என்பதற்காகவே எனக்கு அவர்கள்மேல் மரியாதை. ஆனால் கேம் எதிர்பார்த்த அளவு போகவில்லை. அடுத்த ஆண்டே நிறுவனம் பண நெருக்கடியில் சிக்கி நீதிமன்ற மேற்பார்வையில் மறுசீரமைப்புக்குப் போக வேண்டியிருந்தது.

2015ல் அதே நிறுவனம் ‘லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்’ என்ற கேமை ஐந்து பாகங்களாக வெளியிட்டது. அமெரிக்காவில் கற்பனையான ஒரு சின்னக் கடலோர ஊர், பள்ளிக்கூடம், விடுதி. நாயகி மாக்ஸுக்குக் காலத்தைக் கொஞ்சம் பின்னால் ஓட்டத் தெரியும். நினைவைத் திருத்தும் அதே யோசனையைத்தான் அங்கே கொண்டுபோய் விரித்தார்கள். சண்டைக்காட்சி என்று எதுவும் இல்லை. ஒரு பேச்சைக் கேட்டுவிட்டு, பின்னால் ஓட்டி, வேறு பதில் சொல்லிப் பார்க்கலாம். இரண்டில் எது சரி என்று கேம் சொல்லாது. உதட்டசைவு வசனத்தோடு பொருந்தாது, சில வசனங்கள் கேட்கவே கூச்சமாக இருக்கும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, உலகம் முழுக்க ஓடியது. முடிவெடுத்துவிட்டுக் கலங்கி உட்காரும் வேலையை அது நம்மிடமே விட்டுவிட்டது.

இனி உங்கள் கேம். ஆசை அதிகமா என்று கேட்டால், இல்லை. கடற்கரையை இழந்தவர்களை ரப்பர் காட்டுக்குள் கொண்டுபோய் வைப்பது என்பதே நல்ல கற்பனை. அலைச்சத்தம் கேட்டு எழுந்தவர்கள் விடியற்காலையில் பால்வெட்டுக்குப் போகிறார்கள். வலை தைத்த கை அங்கே என்ன செய்யும்? எனக்கு இப்போதே விளையாடத் தோன்றுகிறது.

நான் பயப்படுவது ‘முழு மாவட்டத்தையும் வரைய வேண்டும்’ என்ற வரியைப் பார்த்து. உங்கள் கடிதத்தில் ஊர் இருக்கிறது, மலை இருக்கிறது, முகாம் இருக்கிறது. ஆட்டக்காரர் என்ன செய்வார் என்று ஒரு வரிகூட இல்லை. நடந்து சுற்றிப்பார்ப்பார் என்றால், மூழ்கிய தேவாலயத்தையும் குருசடியையும் எவ்வளவு அழகாக வரைந்தாலும் நியோ பாரிஸில் நடந்ததுதான் நடக்கும். அவர்களிடம் ஒரு பெரிய நிறுவனமும் இசைக்குழுவும் இருந்தன. உங்களிடம் இரண்டு லேப்டாப்.

அதனால் இப்போதைக்குப் படம் வரைவதை நிறுத்திவைத்துவிட்டு, ஒரே ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நீரோடியில் கடைசி வீடாக இருக்கட்டும். நாளைக் காலை முகாமுக்கு வண்டி வரும், ஓர் ஆளுக்கு இவ்வளவு சுமைதான் என்று சொல்லிவிட்டார்கள். ஆட்டக்காரர் எதை எடுப்பார்? என்ஜினையா, வலையையா, கடலுக்குப் போய்த் திரும்பாதவரின் படத்தையா, நிவாரணக் காகிதங்கள் இருக்கும் பெட்டியையா? கிழவி ஒருத்தி வரமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தால் அவளிடம் என்ன சொல்வார்? ஒரு பொய் சொன்னால் கிளம்பிவிடுவாள் என்றால் சொல்வாரா? எது சரி என்று நீங்கள் முடிவு செய்துவைக்காதீர்கள். எடுத்ததும் விட்டதும் முகாமில் ஒவ்வொன்றாகத் திரும்பி வரட்டும். சதுரமும் வட்டமும் போட்ட மொட்டைத் திரையிலேயே இதை முதலில் ஓட்டிப் பாருங்கள். பொருள்களுக்குப் பெயர் மட்டும் எழுதியிருந்தால் போதும். அப்போதும் உங்கள் நண்பர் கொஞ்சம் தயங்கி, கையை எடுத்துவிட்டு யோசித்தார் என்றால், அதற்கப்புறம் மாவட்டத்தை வரையத் தொடங்கலாம்.

தயங்குகிறாரா என்று பார்க்க ‘வேற ஒண்ணும் இல்லடே’ என்று சொன்ன அதே நண்பரைத்தான் உட்காரவைக்க வேண்டும். பாராட்டுகிற நண்பர்கள் இந்தக் கட்டத்தில் உதவமாட்டார்கள். அந்த ஒரு வீடு ஓடத் தொடங்கியதும் எனக்கும் அனுப்புங்கள். என் லேப்டாப் பழையது, அதில் ஓடுகிற அளவுக்குச் செய்தால் நல்லது.