கேஸ் அடிக்கும் முன்னால் குளோவ் பாக்ஸைத் திறங்க!
(ஒர்க்‌ஷாப் அண்ணாச்சி பதில்கள்)

குலசேகரத்திலிருந்து ஒரு ரப்பர் ஷீட் வியாபாரி கேட்கிறார்: அண்ணாச்சி, நம்ம பிக்கப்பில் ஏசி போட்டால் சத்தம்தான் பெரிசு, காற்று மெல்லத்தான் வருகிறது. பேச்சிப்பாறை வரை போவதற்குள் அதுவும் நின்றுவிடும். ஓரமாக நிறுத்தி ஒரு சாயா குடித்துவிட்டு வந்தால் மறுபடி வரும். ஒர்க்‌ஷாப்பில் ஏசி கேஸ் குறைவு என்கிறார்கள். போன வருடமும் கேஸ் அடித்தேனே?

கேஸ் கிடக்கட்டும். கேஸ் குறைந்தால் முதலில் குளிர்ச்சிதான் குறையும், காற்றின் வேகம் அப்படியே இருக்கும். உங்கள் வண்டியில் கிளம்பும்போதே காற்று இல்லை, ஃபேன் மட்டும் கத்துகிறது. வழி அடைத்திருக்கிறது என்று அர்த்தம். கேபின் ஃபில்டரைப் பாருங்கள். இது இன்ஜினுக்குள் போகும் காற்றை வடிகட்டுகிற ஏர் ஃபில்டர் இல்லை. நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு வருகிற காற்றை வடிகட்டுவது. சர்வீஸ் பில்லில் 'ஏர் ஃபில்டர் மாற்றப்பட்டது' என்று இருந்தால் அது பெரும்பாலும் இன்ஜினுடையதுதான். எது மாற்றினீர்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

நின்று நின்று வருவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலுக்குப் போதுமான காற்று போகாவிட்டால், அதன் மேல் வழியும் தண்ணீர் உறைந்து ஐஸ் ஆகிவிடும். ஐஸ் கட்டியபின் காற்று எப்படி நுழையும்? நீங்கள் சாயா குடிக்கிற நேரத்தில் அது உருகிவிடுகிறது.

உங்கள் ஊர்ப்பக்கம் வண்டியை ரப்பர் மரத்தடியில்தான் விடுவீர்கள். மார்கழி, தையில் இலை உதிரும்போது முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் இடத்துச் சல்லடையைப் பார்த்திருக்கிறீர்களா? வெளிக்காற்று உள்ளே போவது அந்த வழிதான். இலை மேலேயே நின்றாலும் காம்பும் பொடியும் உள்ளே இறங்கும். உங்கள் பகுதியிலிருந்து வந்த ஒரு வண்டியின் ஃபில்டரை உருவினேன். வெள்ளையாக இருக்க வேண்டியது கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. மடிப்புக்கு மடிப்பு இலைக்காம்பு, ஈசல் இறகு, எலிப்புழுக்கை. ஒரு மூலையை எலி கடித்துத் துளை போட்டிருந்தது. ஃபேனைச் சுற்றிவிட்டால் கடகடவென்று சத்தம். கையை விட்டுப் பார்த்தால் ரப்பர் கொட்டைத் தோடு! சீட்டிலிருந்து பிய்த்த ஸ்பாஞ்சை மெத்தையாகப் போட்டு எலி அங்கே குடித்தனம் நடத்தியிருக்கிறது. இப்படி எலி அடையாளம் தெரிந்தால் கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள். எலி மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் வரும். உலர்ந்தபடியே தட்டாமல் கிருமிநாசினி தெளித்து, ஊறவிட்டுத் துடைத்து எடுங்கள்.

மாற்றுவதற்கு ஆள் தேவையில்லை. ஹைலக்ஸ் உட்படப் பல பிக்கப்புகளில் ஃபில்டர் இருப்பது குளோவ் பாக்ஸுக்கு, அதாவது பக்கத்து சீட்டுக்கு முன்னால் டேஷ்போர்டில் இருக்கும் பெட்டிக்குப் பின்னால். சாவியை அணைத்துவிடுங்கள். பெட்டியில் கிடக்கும் ஆர்.சி. புத்தகம், வேளாங்கண்ணி படம், பழைய எடைச்சீட்டு எல்லாவற்றையும் எடுத்து சீட்டில் வையுங்கள். பெட்டியின் பக்கவாட்டில் கயிறோ சிறு தண்டோ மாட்டியிருந்தால் கழற்றுங்கள். பிறகு இரண்டு பக்கச் சுவரையும் உள்பக்கமாக அமுக்கினால் தடுப்பு விலகி, பெட்டி முழுதாகக் கீழே சாயும். உள்ளே நீளவாக்கில் ஒரு பிளாஸ்டிக் மூடி தெரியும். ஓரக் கிளிப்பை அமுக்கி எடுத்தால் ஃபில்டர் கைக்கு வரும். சாய்க்காமல், மட்டமாக, மெதுவாக உருவுங்கள். சாய்த்தால் மேலே கிடக்கும் குப்பை எல்லாம் உள்ளே கொட்டும். ஃபில்டர் இல்லாதபோது 'காற்று எப்படி வருகிறது பார்ப்போம்' என்று ஃபேனைப் போடாதீர்கள். மிச்சக் குப்பை ஃபேனிலோ கூலிங் காயிலிலோ போய் ஒட்டிக்கொள்ளும். வேக்குவம் இருந்தால் உள்ளே ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். எல்லாம் ஒரு சாயா ஆறுவதற்குள் முடியும். புதிய ஃபில்டர் சில நூறு ரூபாயில் கிடைக்கும். வண்டி மாடலும் வருடமும் சொல்லி வாங்குங்கள். ஒரு விரல் அகலம் குறைந்தாலும் காற்று ஓரம் வழியாகப் போய்விடும், போட்டும் பிரயோசனம் இல்லை.

இவ்வளவும் செய்து, காற்று நன்றாக வந்தும் குளிரவில்லை என்றால், அப்போது கேஸ் பேச்சைப் பேசலாம். அப்போதும் எங்கே லீக் என்று பார்த்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். கேஸ் என்ன, டீசலா, எரிந்து தீர?

தோவாளையிலிருந்து ஒரு பூ வியாபாரி: அண்ணே, ஃபில்டர் வாங்கிவிட்டேன். ஓரத்தில் அம்புக்குறி இருக்கிறது. எந்தப் பக்கம் பார்த்துப் போட வேண்டும்?

நல்ல கேள்வி தங்கச்சி, மெக்கானிக்குகளே கோட்டை விடுகிற இடம் இது. 'ஏர் ஃப்ளோ' என்று எழுதியிருந்தால், காற்று போகும் திசையில் அம்பு இருக்க வேண்டும். பழையதை உருவும்போதே அதன் அம்பு எங்கே பார்க்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள். ஆனால் பழையதையே யாராவது தலைகீழாகப் போட்டிருக்கலாம். அதனால் அழுக்கையும் பாருங்கள்: குப்பை படிந்த முகம்தான் காற்று வந்து மோதுகிற முகம். அம்பின் வால் அந்தப் பக்கம், தலை சுத்தமான பக்கம். சில ஃபில்டரில் அம்புக்குப் பதிலாக 'அப்' என்று இருக்கும்; அது காற்றைச் சொல்லவில்லை, அந்த ஓரம் மேலே இருக்க வேண்டும் என்கிறது.

குளச்சலிலிருந்து மீன் வண்டி ஓட்டும் தம்பி: கேபினில் நாற்றம் தாங்கவில்லை. கார்பன் ஃபில்டர் போட்டால் போகும் என்று கடையில் சொல்கிறார்கள். பழையதைக் கழுவிப் போட்டாலும் போதும் என்கிறான் கூட வரும் பையன். எது சரி?

பையன் சொல்வதைக் கேட்காதே தம்பி. சாதாரண ஃபில்டர் காகிதம் மாதிரியான நார். தண்ணீர் பட்டால் மடிப்பு தளரும், ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும், அப்புறம் மீன் நாற்றத்தோடு பூஞ்சை நாற்றமும் சேர்ந்துகொள்ளும். கழுவலாம் என்று கம்பெனியே எழுதியிருக்கும் ரகம் உண்டு, அதை மட்டும் கழுவலாம். அவசரத்துக்குத் தட்டிப் போட்டு ஓட்டு. கம்ப்ரஸர் காற்றை நெருக்கமாக வைத்து அடித்தால் நார் கிழிந்துவிடும்.

கார்பன் ஃபில்டர் நல்லதுதான். வெளியிலிருந்து வரும் புகை, சாக்கடை வாடையை ஓரளவு பிடிக்கும். ஆனால் உன் வண்டியில் வாடை வெளியிலிருந்தா வருகிறது? துறைமுகத்தில் நனைந்த செருப்போடு ஏறுகிறாய், மீன் தண்ணீர் கால்மிதியில் ஊறுகிறது. கால்மிதியைக் கழற்றிக் கழுவி, அடியில் இருக்கும் துணி விரிப்பையும் வெயிலில் போடு. அதைச் செய்யாமல் எந்த ஃபில்டர் வாங்கினாலும் காசுதான் போகும்.

நாற்றம் மீனுடையதாக இல்லாமல், ஏசி போட்டவுடன் ஈரத்துணி வாடையாக முதல் ஒரு நிமிடம் மட்டும் வந்தால் அது கூலிங் காயிலின் ஈரம். வீடு வந்து சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால் ஏசியை அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் ஓடவிடு, காயில் உலரும். பக்கத்து சீட்டில் இருப்பவன் காலில் தண்ணீர் சொட்டினால் வடிகால் குழாய் அடைத்திருக்கிறது. வண்டிக்கு அடியில் அதன் முனையில் மணல் அப்பியிருக்கும், குத்திவிட்டால் போதும்.

ஆரல்வாய்மொழியிலிருந்து ஒரு செங்கல் சூளைக்காரர்: எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்? நான் எப்போதும் வெளிக்காற்றை அடைத்து, கேபின் காற்றையே சுற்றவிடும் உள்காற்றில்தான் ஓட்டுகிறேன், அப்படியும் மாற்ற வேண்டுமா?

பொதுவாக 15,000 முதல் 20,000 கிலோமீட்டர், அல்லது வருடம் ஒருமுறை என்பார்கள். உங்கள் வண்டிக்கான கணக்கு அதன் கையேட்டில் இருக்கும். ஆனால் அது தார் ரோட்டுக் கணக்கு. காற்றாலையைச் சுற்றுகிற காற்று உங்கள் சூளை மண்ணையும் சேர்த்துத்தான் கொண்டுவரும். உங்களுக்குப் பாதிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒருமுறை உருவிப் பாருங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மறுபக்கம் தெரியாத அளவுக்கு இருண்டிருந்தால் மாற்றிவிடுங்கள்.

உள்காற்றில் ஓட்டினாலும் பெரும்பாலான வண்டிகளில் அதே ஃபில்டர் வழியாகத்தான் காற்று சுற்றி வரும். உங்கள் சட்டையிலும் செருப்பிலும் வருகிற மண் போதாதா? டிப்பருக்குப் பின்னால் போகும்போது உள்காற்று சரி. நாள் முழுக்க அதிலேயே ஓட்டாதீர்கள். மழையில் கண்ணாடி உள்பக்கம் ஆவி பிடிப்பதற்கு அது பெரிய காரணம். ஆனி, ஆடிச் சாரலில் வெளிக்காற்று, ஏசி இரண்டும் போட்டுக் காற்றைக் கண்ணாடிக்குத் திருப்புங்கள். அப்படியும் ஆவி விலக நேரம் எடுத்தால் மறுபடி ஃபில்டரைத்தான் பார்க்க வேண்டும்.

தக்கலையிலிருந்து ஒரு வாசகர்: என் சின்ன பிக்கப்பில் ஏசியே இல்லை. அதில் இந்த ஃபில்டர் எங்கே இருக்கும்?

பெரும்பாலும் இருக்காது அண்ணே. ஏசி வைத்த சில வண்டிகளிலேயே கம்பெனி வைக்காமல் விட்டிருக்கும். யாராவது மாற்றியதாகச் சொல்லிப் பில் போட்டிருந்தால், கழற்றிய பழையதைக் காட்டச் சொல்லுங்கள்.