நீ கேப் (முழங்கால் உறை) போட்டுக்கொண்டு கிரிவலம் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 61. ஓய்வு பெற்ற ஆசிரியை. இரண்டு முழங்காலிலும் தேய்மானம், வலது காலில் அதிகம். ஆபரேஷன் இப்போது வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மெடிக்கல் ஷாப்பில் நீ கேப் வாங்கி, காலை எழுந்ததிலிருந்து படுக்கும்வரை போட்டிருக்கிறேன். கழற்றினாலே கால் மடங்கிவிடுமோ என்று பயம். இதைப் போட்டால் தசை செத்துப்போகும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. திருவண்ணாமலை கிரிவலம் போக ஆசை. போடலாமா, கழற்றலாமா?
— வாசகி, கும்பகோணம்

பிசியோதெரபிஸ்ட் பதில்: அக்கா சொல்வதில் பாதி சரி, அம்மா. தசை மெலிவது நீ கேப்பால் அல்ல, காலுக்கு வேலை கொடுக்காததால். அதைப் போட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்கு நடந்து போய் வந்தால் தசைக்கு லாபம். போட்டுக்கொண்டு சோபாவில் சீரியல் பார்த்தால் அக்கா ஜெயித்துவிடுவார்.

நடக்கும்போது, படி ஏறும்போது, நின்று சமைக்கும்போது போடுங்கள். உட்கார்ந்ததும் கழற்றுங்கள். தூங்கும்போது வேண்டவே வேண்டாம்.

நீங்கள் வாங்கியிருப்பது இழுத்து மாட்டும் துணி உறையாக இருக்கும். அது மூட்டுக்குச் சூடும் லேசான அழுத்தமும் தரும். கால் எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வு கூடுவதால் தெம்பு வரும். ஆனால் மூட்டில் இறங்கும் பாரத்தை அது மாற்றாது.

பாரத்தை மாற்றுவதற்கென்றே வேறு வகை உண்டு. கண்ணாடி முன்னால் கணுக்கால்களைச் சேர்த்து நின்று பாருங்கள். முழங்கால்கள் ஒட்டாமல் நடுவில் இடைவெளி தெரிந்தால் கால் வெளிப்பக்கம் வளைந்திருக்கிறது. நம் ஊரில் நிறையப் பேருக்கு அப்படித்தான். அப்போது மூட்டின் உள்பக்கத்தில் பாரம் கூடி, அங்கே தேய்மானமும் அதிகமாகும். 'அன்லோடர்' என்கிற பிரேஸ் காலை மூன்று இடங்களில் அழுத்திப் பிடித்து, உள்பக்கப் பாரத்தில் கொஞ்சத்தை வெளிப்பக்கம் தள்ளும். உலோகக் கீலோடு பருமனாக இருக்கும், விலையும் அதிகம். புடவைக்குள் மறைந்துவிடும், சுடிதாரில் சிரமம். இதை நீங்களாகக் கடையில் வாங்காதீர்கள். டாக்டரோ பிசியோவோ பார்த்துப் பொருத்த வேண்டும்.

எல்லோருக்கும் அது தேவையா? அமெரிக்க ருமடாலஜி (மூட்டு நோய்) மருத்துவர்களின் 2019 வழிகாட்டுதல், தேய்மானத்தால் நடையோ மூட்டின் உறுதியோ வெகுவாகக் கெட்டாலோ, வலி அதிகமாக இருந்தாலோ பிரேஸை வலுவாகவே பரிந்துரைக்கிறது. பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2022-இல் வழக்கமாக எல்லோருக்கும் கொடுக்க வேண்டாம் என்றது. மூட்டு ஆட்டம் காண்கிறவர்களுக்கும் பாரம் ஒழுங்காக இறங்காதவர்களுக்கும் மட்டும் விலக்கு. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. உங்கள் கால் பயத்தில் மட்டுமல்லாமல் நிஜமாகவே மடங்குகிறது என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சைஸை இன்ச் டேப்பால் அளந்து, பெட்டியில் உள்ள அட்டவணையைப் பார்த்து எடுங்கள். 'மீடியம் போதும்மா' என்று கடைப்பையன் சொல்வதை நம்பாதீர்கள். கெண்டைக்கால் வீங்கினாலோ பாதம் மரத்தாலோ இறுக்கம் அதிகம், கழற்றிவிடுங்கள். கழற்றிய பிறகும் கெண்டைக்கால் வீக்கமும் வலியும் இருந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். சர்க்கரை இருந்தால் தினமும் தோலைப் பார்ப்பது அவசியம்.

இனி கழற்றியிருக்கும் நேரத்து வேலை. கட்டிலில் காலை நீட்டி, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வையுங்கள். துண்டை நசுக்குவது போல முழங்காலால் அழுத்தி, ஐந்து எண்ணி விடுங்கள். காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். அது பழகியதும், உயரமான நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். தொடைத் தசை ஏறினால் கழற்றும் பயம் தானாகக் குறையும். எடை கூடுதலாக இருந்தால் அதையும் பாருங்கள்: ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்குச் சுமார் நான்கு கிலோ பாரம் குறைகிறது என்று ஆய்வில் அளந்திருக்கிறார்கள்.

சரி, கிரிவலம். பாதை 14 கிலோமீட்டர். தெருமுனைவரைகூட நடக்காமல் இருந்துவிட்டு நேரே அங்கே போய் இறங்காதீர்கள். இப்போதே தினமும் நடந்து, தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். நடந்த வலி மறுநாளும் அப்படியே இருந்தால் தூரம் அதிகம் என்று அர்த்தம், குறையுங்கள். தீபத்தன்றும் பௌர்ணமியன்றும் கூட்டத்தில் நின்று நின்று நகர வேண்டியிருக்கும், முழங்காலுக்கு அதுதான் கொடுமை. சாதாரண நாளில் விடியற்காலையில் கிளம்புங்கள். தார் ரோடு சுடாது, முடியாவிட்டால் ஆட்டோவும் கிடைக்கும். வழியில் எட்டு லிங்கங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து போனால் அண்ணாமலையார் கோபித்துக்கொள்ள மாட்டார். கைத்தடியை இடது கையில் பிடியுங்கள். வலிக்கும் காலுக்கு எதிர்க்கையில் இருந்தால்தான் தடி பாரத்தை வாங்கும்.

கேள்வி: நீ கேப் போட்ட இடத்தில் அரிப்பு. உள்ளே பவுடர் போடலாமா?
— வாசகர், மதுரை

பதில்: வேண்டாம் சார், பவுடர் வியர்வையோடு சேர்ந்து களியாகிவிடும். இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். தினமும் லேசான சோப்பில் கையால் அலசி, முறுக்காமல் நிழலில் காயப்போடுங்கள். உள்ளே ரப்பர் மாதிரி இருந்தால் அது நியோப்ரீன், சிலருக்கு அதுவே ஒவ்வாது. காற்றோட்டமான பின்னல் துணி வகைக்கு மாறிப் பாருங்கள். தடிப்பு ஆறும்வரை எதையும் போடாதீர்கள்.