மாரத்தானில் எடுத்த எடுப்பிலேயே பாய்ந்து ஓடுகிறவர்களின் மனநிலை என்ன? வெறும் ஈகோவா?

கேள்விக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "எங்கள் ரன்னிங் குரூப்பில் ஒருவர் பயிற்சியில் பரம சாது, பந்தயம் என்றால் ஆளே மாறிவிடுகிறார்." அந்த ஒருவர் சமீபத்தில் உங்களை முந்திப் போயிருக்கிறார் என்பது என் ஊகம். தப்பாக இருந்தால் மன்னிக்கவும். நானும் அந்த ரகம்தான், அதனால் பதில் எழுதக் கை துறுதுறுத்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பெரிய வீராங்கனை கிடையாது. வங்கி வேலை, நாற்பதைத் தாண்டிய வயது, ஹாஃப் மாரத்தானில் (21 கிலோமீட்டர்) என் வயதுப் பிரிவில், அதாவது ஏஜ் கேட்டகிரியில், முதல் மூன்று பேருக்குள் வந்து போடியம் ஏறினால் அந்த வாரம் முழுக்கப் பல்லைக் காட்டிக்கொண்டு திரியும் ஆள். கென்யாக்காரர்களோடு என்னை ஒப்பிடுகிறேன் என்று யாரும் கமெண்டில் கிளம்ப வேண்டாம்.

ஈகோ இருக்கிறதா? இருக்கிறது. இல்லாதவர் எதற்கு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து, காசும் கட்டி ஓடப் போகிறார்? ஆனால் ஈகோவின் சரக்கு நாலு கிலோமீட்டருக்குத்தான் வரும். மீதி தூரத்தை ஓட வைப்பது கணக்கு. கூடவே கொஞ்சம் நடிப்பு.

ஈசிஆரில் நடந்த ஒரு ஹாஃப். கிளம்பும்போதே கசகசவென்று இருந்தது. சென்னைக் கடலோரத்தில் வியர்வை காய்வதில்லை, வழிந்துகொண்டே இருக்கும். காய்ந்தால்தானே உடம்பு சூடு இறங்கும்? அதனால் அதே பேஸில் ஓடினாலும் ஹார்ட் ரேட் ஏறிக்கொண்டே போகும். இங்கே எல்லாக் கோச்சும் 'மெதுவாக ஆரம்பியுங்கள்' என்று சொல்வது இதற்காகத்தான். சரியான அறிவுரை, மறுக்கவில்லை. ஆனால் என் கேட்டகிரியில் பச்சைத் தொப்பி போட்ட ஒருவர் இருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர். கடைசி கிலோமீட்டரில் அவருக்கு இருக்கும் பாய்ச்சல் எனக்குக் கிடையாது, முன்பே பார்த்திருக்கிறேன். கடைசிவரை பக்கத்திலேயே ஓடினால் நான் தோற்பது நிச்சயம். கால் வேகம் இல்லாதவருக்கு இருக்கும் ஒரே வழி, எதிராளியின் காலில் உள்ள வேகத்தை முன்கூட்டியே கரைத்துவிடுவது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது வெறியாகத் தெரிகிறது.

ஆரம்பத்திலிருந்தே நான் முன்னால். பின்னால் அவருடைய ஷூ சத்தம். வியர்வை இறங்கி ஊறிப்போன ஷூ, ஒவ்வொரு அடிக்கும் சதக் சதக் என்றது. மூச்சு இரண்டு அடிக்கு உள்ளே, இரண்டு அடிக்கு வெளியே என்று சீராக வந்துகொண்டிருந்தது. 14-வது கிலோமீட்டர் தாண்டி அந்தத் தாளம் தப்பியது, நடுநடுவே ஒரு இழுப்பு. என் நிலைமையும் ஒன்றும் மெச்சும்படி இல்லை, கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் வேகத்தைக் கூட்டினேன். எனக்குத் தாங்கவில்லை என்றால் அவருக்கும் தாங்காது. ஒரே ரோடு, ஒரே புழுக்கம். எனக்கு வலிக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியக்கூடாது. தோளைத் தளர்த்திக்கொண்டு, ஓரமாக நின்ற வாலண்டியர் பையனுக்குச் சிரித்தபடி கையாட்டினேன். நடிப்பு என்றேனே, அது இதுதான்.

அடுத்து தண்ணீர் டேபிள். அவர் டம்ளர் எடுக்க இடப்பக்கம் ஒதுங்கினார். என் இடுப்பில் சின்ன பாட்டில் இருந்தது, நான் ஒதுங்கவில்லை, இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். பத்து மீட்டர் இடைவெளி விழுந்திருக்கும். காலுக்கு அது ஒரு தூரமே இல்லை. ஆனால் அவ்வளவு நேரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த முதுகு தள்ளிப் போவதைப் பார்த்துக்கொண்டே ஓடுகிறவருக்கு அதைப் பிடிக்க மனது வராது. அவருக்கும் வரவில்லை.

'அடுத்தவர் தண்ணீர் குடிக்கும்போது ஓடுவது கேவலம்' என்று ஒருவர் வருவார், தெரியும். நான் மறிக்கவில்லை, இடிக்கவில்லை, எந்த விதியையும் மீறவில்லை. முடிந்ததும் அவரே பக்கத்தில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டே, "அக்கா, தண்ணி டேபிள்கிட்ட பண்ணீங்கள்ல, அடுத்த தடவ நான் பண்றேன் பாருங்க" என்றார். சொன்னபடி செய்தும் காட்டினார்.

பெரிய ஆட்களிடமும் இதே கணக்குதான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ், ஆகஸ்ட் வெயில். எல்லோரும் அடக்கி வாசிப்பார்கள் என்று எதிர்பார்த்த மாரத்தானில் முன்வரிசை முதல் 5 கிலோமீட்டரை 14:52-ல் கடந்தது. கென்யாவின் 21 வயது சாமுவேல் வாஞ்சிரு 2:06:32-ல் ஜெயித்தார். அதற்கு முந்தைய ஒலிம்பிக் சாதனை 1984-ல் கார்லோஸ் லோபஸ் ஓடிய 2:09:21. பையனுக்குத் திமிர் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவர் ஜப்பானில் பள்ளியில் படித்து அங்கேயே ஓடி வளர்ந்தவர், ஈரமான வெயில் அவருக்குப் புதிதில்லை.

எனக்கு அதைவிடப் பிடித்தது அதே பந்தயத்தில் ஓடிய எத்தியோப்பியாவின் டெரிபா மெர்கா. வாஞ்சிருவோடு முன்னால் நின்று வேகம் பிடித்தவர், அதற்கான விலையையும் கொடுத்தார். மூன்றாவதாக ஸ்டேடியத்துக்குள் வந்து, அங்கே செகாயே கெபெடேவிடம் வெண்கலத்தை விட்டுவிட்டு நான்காவதாக முடித்தார். அடுத்த வருடமே பாஸ்டன் மாரத்தானை ஜெயித்தார்.

'பின்பாதியை வேகமாக ஓடுவதுதான் புத்திசாலித்தனம், கென்யாவின் கெல்வின் கிப்டமைப் பாருங்கள்' என்பார்கள். பார்த்தேன். 2023 லண்டனில் 2:01:25, அதில் பின்பாதி மட்டும் 59:45. 30 கிலோமீட்டருக்கு மேல் மற்றவர்களைக் கழற்றிவிட்டுப் போனார். அதுவும் பாய்ச்சல்தான், நேரம் மட்டும் வேறு.

சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த ஈசிஆர் பந்தயத்தில் மைக் பிடித்தவர் ஆண்களை மேடைக்கு அழைக்கும்போது டைமிங் சொன்னார். என்னை அழைக்கும்போது "இரண்டு குழந்தைகளுக்குத் தாய், வீட்டையும் பார்த்துக்கொண்டு ஓடுகிறார்" என்றார். எனக்கு முன்னால் மேடையேறிய ஆணுக்கு மூன்று குழந்தைகள், என் ஆபீஸ்காரர்தான். அவர் வீட்டை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. டைமிங்கைச் சொல்லியிருந்தால் போதாதா? டீ-ஷர்ட்டும் ஆண்கள் எல் சைஸ். வீட்டில் ஜன்னல் துடைக்க ஆயிற்று.

உங்கள் நண்பர் பயிற்சியில் சாதுவாக இருப்பது நல்ல பயிற்சியின் அடையாளம். வாரத்தில் பெரும்பாலான ஓட்டம் பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில்தான் இருக்க வேண்டும். சேர்த்து வைத்ததை அவர் பந்தயத்தில் செலவு செய்கிறார். அடுத்த முறை அவர் கிளம்பும்போது கூடவே போய், பின்னால் ஒட்டிக்கொண்டு மூச்சைக் கேளுங்கள். உங்கள் மூச்சைவிட அது மோசமாக இருந்தால் தாண்டிப் போங்கள். தலை சுற்றினாலோ, வெயிலில் குளிர் எடுத்தாலோ உடனே நின்றுவிடுங்கள், அதில் மட்டும் என் பேச்சைக் கேட்டு வீரம் காட்ட வேண்டாம்.