23 மெயில், ரெண்டு பதில்

அன்புள்ள அக்கா,

நீங்க ஜப்பான்ல படிச்ச நாட்களைப் பத்தி எழுதினது எல்லாத்தையும் படிச்சிருக்கேன். நான் எம்.எஸ்.சி. வேதியியல் முடிச்சு ஒன்றரை வருஷம் ஆச்சு, இப்போ ஊர்ல ஒரு காலேஜ்ல தற்காலிகமா பாடம் எடுக்கறேன். ஜப்பான்ல பிஎச்.டி. பண்ணணும்னு ஆசை. வினையூக்கிகள் பத்தி ஆராய்ச்சி பண்ற 23 பேராசிரியர்களுக்கு மெயில் போட்டேன். 21 பேர் பதிலே போடல. ஒருத்தர் "பரிசீலிக்கிறேன்"னு சொல்லி ரெண்டு மாசம் ஆகுது. இன்னொருத்தர் பதினோரு நாளைக்கு முன்னாடி "முதல்ல ஆறு மாசம் கென்க்யூசெய்யா வாங்க, அப்புறம் நுழைவுத்தேர்வு எழுதலாம், உங்க எண்ணத்தைச் சொல்லுங்க"ன்னு எழுதியிருக்கார். அது என்னன்னே சரியா புரியாததால பதில் போடாம வெச்சிருக்கேன். ஜப்பான் அரசு குடுக்கற மெக்ஸ்ட் ஸ்காலர்ஷிப் கிடைக்குமா? மொழி தெரியாம போலாமா? கையில எவ்ளோ காசு வேணும்? அப்பா தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கு எழுதறார், பெரிய தொகையெல்லாம் எங்களால புரட்ட முடியாது. அம்மா நிலநடுக்கத்தை நினைச்சு தினமும் அழறாங்க.

அன்புடன்,
ம., கோவில்பட்டி

அன்புள்ள ம.,

அந்த "பரிசீலிக்கிறேன்" சொன்னவரை இப்பவே மனசுல இருந்து எடுத்துடுங்க. நம்ம பக்கம் பொண்ணு பாக்க வந்துட்டு "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்"னு சொல்லிட்டுப் போவாங்கல்ல, அதேதான் இது. ஜப்பான்காரங்க முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்றது ரொம்ப அபூர்வம், "கெந்தோ ஷிமாஸ்" அதாவது யோசிக்கறேன்னு சொல்வாங்க, இல்ல "கொஞ்சம் கஷ்டம்"னு இழுப்பாங்க, அதுக்கு மேல எதுவும் வரலன்னா பதில் வந்தாச்சுன்னு அர்த்தம். அவர் மேல வருத்தப்படாதீங்க, அவரோட மொழில அவர் மரியாதையாத்தான் சொல்லியிருக்கார்.

அடுத்தது அந்த 23 மெயில். எல்லாருக்கும் ஒரே மெயில்தானே, பேரை மட்டும் மாத்தி? நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், அதனாலதான் கேக்கறேன். அந்த மாதிரி மெயில் அவங்களுக்கு வாரத்துக்கு எத்தனையோ வருது, முதல் ரெண்டு வரியிலயே தெரிஞ்சிடும். அதைவிட முக்கியமான விஷயம், அங்க நீங்க பேருக்குத்தான் பல்கலைக்கழக மாணவி, நிஜத்துல உங்க வாழ்க்கை பூரா ஒரு கென்க்யூஷிட்சுல நடக்கும், அதாவது ஒரு லேப்ல. ஒரு சென்செய், அதாவது பேராசிரியர், அவருக்குக் கீழ ஒரு இணைப் பேராசிரியர், ஒரு உதவிப் பேராசிரியர், அப்புறம் பிஎச்.டி. பசங்க, மாஸ்டர்ஸ் பசங்க, நாலாவது வருஷ இளங்கலை பசங்க, இவ்ளோதான் உலகம். உங்க டேபிள் அங்க, உங்க சாப்பாடு அங்க, வாராவாரம் உங்க முடிவுகளைக் காட்டறதும் அங்க, பெருக்கித் துடைக்கற முறையும் அங்க. மூணு வருஷம். நடுவுல ஒத்துவரலன்னு இன்னொரு லேபுக்கு மாறுறது ரொம்ப ரொம்ப கஷ்டம், ஏன்னா உங்களை எடுத்துக்கறேன்னு கையெழுத்து போட்டவரே அவர்தான். அதனால தயாராகறதுல முக்கால்வாசி வேலை சரியான ஆளைத் தேடறதுதான், பெட்டி கட்டறதெல்லாம் அப்புறம்.

எப்படித் தேடறது? காக்கென்னு ஒரு தளம் இருக்கு, ஜப்பான் அரசு ஆராய்ச்சிக்குக் குடுக்கற காக்கென்ஹிங்கற நிதி அதுல ஆள் வாரியா பதிவாகியிருக்கும், ஆங்கிலத்துலயும் பாக்கலாம். சென்செய் பேரைப் போட்டா இப்போ எந்தப் புராஜெக்ட் ஓடுது, எந்த வருஷம் வரைக்கும் பணம் இருக்குன்னு தெரியும். அப்புறம் அவரோட வயசு. இதை யாரும் சொல்லித்தர மாட்டாங்க. பெரும்பாலான தேசியப் பல்கலைக்கழகங்கள்ல 65 வயசுல ஓய்வு, அதுவும் மார்ச் மாசக் கடைசியில. 63 வயசு சென்செய் உங்களை எடுத்துக்க முடியாம மவுனமா இருந்திருக்கலாம், உங்க மேல எந்தக் குறையும் இல்லாமலே. அப்புறம் ஒரே துறையில ரெண்டு பேருக்கு ஒரே நேரத்துல எழுதவே எழுதாதீங்க, அவங்க ரூம் ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கும், மத்தியானம் சேர்ந்து சாப்பிடுவாங்க. இன்னொண்ணு, சில இடங்கள்ல நேரடியா எழுதறதுக்கே முறை இருக்கு, கியோட்டோ பல்கலைக்கழகத்துல பல துறைகளுக்கு வெளிநாட்டு மாணவர்கள் ஏஏஓங்கற சேர்க்கை உதவி அலுவலகம் வழியா பதிவு பண்ணிட்டுத்தான் சென்செய்யைத் தொடர்பு கொள்ளணும். இதெல்லாம் தெரியாம அனுப்பின மெயில் குப்பைக்குத்தான் போகும்.

அவரோட சமீபத்திய பேப்பர் மூணை முழுசா படிங்க. மெயில்ல பாராட்டு வேணாம். எந்தப் படத்துல, எந்த வரியில உங்களுக்குச் சந்தேகம் வந்துச்சு, எம்.எஸ்.சி. புராஜெக்ட்ல உங்க கையால என்ன செஞ்சீங்க, எந்தக் கருவியை நீங்களே ஓட்டியிருக்கீங்க, இதை பத்து வரிக்குள்ள எழுதுங்க. கூட ரெண்டு பக்க ஆராய்ச்சித் திட்டம். "இந்தியாவுக்கும் உலகத்துக்கும் பயன்படும்"னெல்லாம் போடாம, முதல் ஆறு மாசம் என்ன பண்ணுவேன், அது தப்பாப் போனா அடுத்து என்ன பண்ணுவேன்னு எழுதினா போதும், படிக்கறவர் நிமிர்ந்து உக்காருவார்.

இப்போ கென்க்யூசெய். ஆராய்ச்சி மாணவர்னு அர்த்தம், ஆனா பட்டம் கிடையாது, அந்த ஆறு மாசமோ ஒரு வருஷமோ பிஎச்.டி. கணக்குல சேராது. லேப்ல உக்காந்து வேலை பழகிட்டு, மொழி படிச்சுட்டு, இன்ஷின்னு சொல்ற நுழைவுத்தேர்வுக்குத் தயாராகற காலம் அது. கெட்ட விஷயம் இல்ல, சென்செய் உங்களைக் கூட வெச்சுப் பாத்துட்டு முடிவெடுக்க விரும்பறார், நீங்களும் அவரைப் பாக்கலாம். ஆனா காசு உங்களோடது. தேசியப் பல்கலைக்கழகங்கள்ல வழக்கமான கணக்கு என்னன்னா விண்ணப்பத்துக்கு 9,800 யென், சேர்க்கைக் கட்டணம் 84,600, அப்புறம் மாசம் 29,700, ஆக ஆறு மாசத்துக்கு 2,72,600 யென், இதுல வாடகையும் சாப்பாடும் சேரல. அப்புறம் தேர்வுல பாஸ் பண்ணி பிஎச்.டி.ல சேர்ந்தா சேர்க்கைக்கு 2,82,000, வருஷத்துக்கு 5,35,800 அப்படின்னு மறுபடியும் முதல்ல இருந்து. நான் ஒரு வருஷம் கென்க்யூசெய்யா இருந்தேன். எங்க அண்ணன் கடன் வாங்கிக் குடுத்த காசு அது, ராத்திரி பென்தோ தயாரிக்கற இடத்துல சோத்துப் பெட்டி அடுக்கற வேலைக்குப் போய் மீதியைச் சமாளிச்சேன், மாணவர்களுக்கு அனுமதி வாங்கினா வாரத்துக்கு 28 மணி நேரம் வேலை பாக்கலாம். காலையில லேப்ல கண்ணு சொருகும். எம்.எஸ்.சி. இருக்கறவ நேரா பிஎச்.டி. தேர்வே எழுதியிருக்கலாம்னு அப்போ எனக்குத் தெரியாது, நான் கேக்கல, யாரும் சொல்லல, இன்னிக்கும் அந்த ஒரு வருஷத்தை நினைச்சா மனசு கனக்கும். நீங்க கேட்டுடுங்க. "எனக்கு மாஸ்டர்ஸ் இருக்கு, வெளிநாட்டுல இருந்தே எழுதற மாதிரி பிஎச்.டி.க்குத் தனித் தேர்வு உங்க துறையில உண்டா?" இந்த ஒரு கேள்விதான். பல துறைகள்ல நேர்காணலும் ஆராய்ச்சித் திட்டமும் வெச்சே எடுக்கறாங்க.

மெக்ஸ்ட் பத்தி. ரெண்டு வழி. தூதரகம் வழியா போனா பெரும்பாலும் ஏப்ரல், மே வாக்குல விண்ணப்பம், ஆங்கிலத்துலயும் ஜப்பானிய மொழியிலயும் எழுத்துத் தேர்வு, நேர்காணல், அதுல தேறினதும் நைதாகு வாங்கணும், அதாவது "இவங்களை எடுத்துக்கறேன்"னு பல்கலைக்கழகத்துல இருந்து ஒரு கடிதம். இங்கயும் பாருங்க, சென்செய் இல்லாம நகராது. இன்னொரு வழி பல்கலைக்கழகமே பரிந்துரைக்கறது, அதுக்கு உங்க மார்க்கை அவங்க முறைக்கு மாத்தி 3க்கு 2.30 வரணும். கிடைச்சா கட்டணம் இல்ல, விமான டிக்கெட் உண்டு, பிஎச்.டி. மாணவருக்கு மாசம் 1,45,000 யென். சிக்கனமா இருந்தா தாராளமா போதும், வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்பலாம். அந்தப் பணம் இல்லாம உங்க நிலைமைல கிளம்பாதீங்கன்னுதான் சொல்வேன், கடன் வாங்கிப் போய்ட்டு நான் பட்டது போதும். மெக்ஸ்ட் கிடைச்சாலும் முதல் உதவித்தொகை கைக்கு வர நாளாகும், அதுவரைக்கும் சமாளிக்க 2,000 டாலர் அளவுக்கு கொண்டு வாங்கன்னு அவங்களே சொல்றாங்க, அப்பாகிட்ட அந்தத் தொகையை மட்டும் கேளுங்க. முடிஞ்சா யுனிவர்சிட்டி டார்மிட்டரி வாங்கிடுங்க, வெளில வீடுன்னா அட்வான்ஸ் தவிர ரெய்கின்னு வீட்டுக்காரருக்கு நன்றிப் பணம் வேற கேப்பாங்க, அது திரும்ப வராது.

மொழி. லேப்ல ஆங்கிலம் வெச்சு பேப்பர் எழுதிடலாம், பட்டமும் வாங்கிடலாம். ஆனா செமினார்ல எல்லாரும் சிரிக்கும்போது நீங்க மட்டும் சிரிக்காம உக்காந்திருப்பீங்க, அது முதல் மாசம் ஒண்ணும் தெரியாது, எட்டாவது மாசம் தனியா ரூமுக்கு வந்து அழ வைக்கும். அதனால இங்கயே ஆரம்பிங்க. உங்களுக்கு ஒரு நல்ல செய்தி, தமிழ் பேசறவங்களுக்கு இந்த மொழியோட கட்டுமானம் வீட்டுக்குள்ள நடந்து போற மாதிரி. "தோக்யோ நி இகிமாஸ்"னா டோக்கியோ-க்கு போறேன், அந்த "நி" நம்ம "க்கு"தான், வரிசை அப்படியே. "தாபேதே மிரு"ன்னா சாப்பிட்டுப் பாக்கறது, "மிரு"ன்னா பாக்கறது, நாம எப்படி ருசி பாக்கறதுக்குக் கண்ணைத் துணைக்குக் கூப்பிடறோமோ அதே மாதிரி! "காத்தே ஓகு"ன்னா வாங்கி வைக்கறது, அதுலயும் "ஓகு"ன்னா வைக்கறது. எங்க மொழி வகுப்புல ஐரோப்பாவுல இருந்து வந்தவங்க இதுக்கு வாரக்கணக்கா போராடினாங்க, நான் மனசுக்குள்ள தமிழ்ல சொல்லிட்டு வார்த்தையை மட்டும் மாத்தினேன். சுசுமு ஓனோன்னு ஒரு மொழியறிஞர் தமிழும் ஜப்பானிய மொழியும் உறவுன்னே வாதாடினவர், பெரும்பாலான அறிஞர்கள் அதை ஏத்துக்கல, ஆனா உறவு இருக்கோ இல்லையோ படிக்கற நமக்கு லாபம்தான். கஷ்டம் எழுத்துல, அன்றாடப் புழக்கத்துக்குன்னு அரசு வகுத்த கான்ஜி, அதாவது சீனத்துல இருந்து வந்த எழுத்துங்க, அதுவே 2,136. நீங்க முதல்ல கத்தகானாவை, அதாவது வெளிநாட்டு வார்த்தைகளை எழுதற எழுத்து வரிசையை முடிங்க, ரெண்டு வாரம் போதும், லேப்ல பாதி பாட்டில் அதுலதான் இருக்கும். அதுலயும் சோடியத்தை அவங்க நாதொரியுமுன்னும் பொட்டாசியத்தை காரியுமுன்னும் சொல்வாங்க, தனிம அட்டவணைல குறியீடா இருக்கற அந்த லத்தீன் பேருங்கதான். அப்புறம் "கிகென்" அதாவது ஆபத்துங்கற ரெண்டு எழுத்தைக் கண்ணு பாத்ததும் தெரிஞ்சுக்கணும், வாயு சிலிண்டர் நிறங்களையும் புதுசா படிங்க, அங்க ஆக்சிஜன் கறுப்பு, ஹைட்ரஜன் சிவப்பு, பச்சைன்னா கார்பன் டை ஆக்சைடு. இதுல கூச்சப்பட்டு தலையாட்டிட்டு வந்துடாதீங்க, புரியலன்னா நூறு தடவ கேளுங்க. சென்னைல ஏபிகே ஏஓடிஎஸ் தோசோகாய்ங்கற நிலையத்துல ஜப்பானிய மொழி வகுப்பு உண்டு, ஜேஎல்பிடிங்கற ஜப்பானிய மொழித் திறன் தேர்வு ஜூலையிலயும் டிசம்பர்லயும் நடக்கும், டிசம்பர்ல அதோட ஆரம்ப நிலையான என்5 எழுதிடுங்க.

பெட்டில என்ன வைக்கறதுன்னு நீங்க கேக்கல, ஆனா அம்மா கேப்பாங்க. மிக்ஸி வேணாம், அங்க 100 வோல்ட், நம்மது ஓடாது. குக்கர் கண்டிப்பா. கறிவேப்பிலை, பழம், விதை எதுவும் வேணாம், ஏர்போர்ட்ல தாவரச் சோதனை உண்டு. சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல இருக்கற ஜலதோஷ மாத்திரை கொண்டு போகவே கூடாது, சட்டப்படி குத்தம். நீங்க சைவம்னா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, காய்கறி சூப்னு சொன்னாலும் பெரும்பாலும் தாஷின்னு மீன் கொதிக்க வெச்ச தண்ணிதான் அடியில இருக்கும்.

அம்மாகிட்ட நிலநடுக்கமே வராதுன்னு பொய் சொல்லாதீங்க. வரும். எனக்கு முதல் தடவ ராத்திரி ரெண்டு மணிக்கு வந்துச்சு, கட்டிலோட ஆடினேன், அடுத்த நாள் லேப்ல ஒரு செம்பாய், அதாவது சீனியர், என்னைக் கூட்டிட்டுப் போய் என் மேஜைக்குக் கீழ ஹெல்மெட் எங்க, வெளில எந்த மைதானத்துல கூடணும், எந்த அலமாரியைச் சுவத்தோட சேத்து போல்ட் போட்டிருக்காங்கன்னு ஒவ்வொண்ணா காட்டினா. அதை அம்மாகிட்ட விவரமா சொல்லுங்க, விவரம் தெரிஞ்சா பயம் கொஞ்சம் இறங்கும். இன்னொண்ணும் சொல்லுங்க, அங்க வீட்டை விட்டுக் கிளம்பும்போது "இத்தே கிமாஸ்"னு சொல்வாங்க, அதுக்கு வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் போயிட்டு வரேன்.

இப்போ அந்த ரெண்டாவது சென்செய். "உங்க எண்ணத்தைச் சொல்லுங்க"ன்னு ஒருத்தர் எழுதறார்னா அவர் உங்க மெயிலைப் படிச்சிருக்கார், மனசுல ஒரு இடம் போட்டு வெச்சிருக்கார். நீங்க பதினோரு நாளா மவுனமா இருக்கறதை அவர் ஊர் வழக்கப்படி எப்படி எடுத்துப்பார்னு மேல சொல்லிட்டேன். இன்னிக்கு ராத்திரிக்குள்ள எழுதுங்க. தாமதத்துக்கு மன்னிப்பு ஒரு வரி, காரணம் வேணாம். உங்க லேப்ல சேர விருப்பம்னு ஒரு வரி. தனித் தேர்வு உண்டாங்கற கேள்வி. மெக்ஸ்டுக்கு விண்ணப்பிக்க நினைக்கறேன், நைதாகு தர முடியுமாங்கற கேள்வி. கடைசியா, உங்க லேப்ல இருக்கற வெளிநாட்டு மாணவர் யார்கூடயாவது பேசலாமான்னு கேளுங்க, பேசக் கிடைச்சா கோர் டைம், அதாவது லேப்ல கட்டாயம் இருக்க வேண்டிய நேரம், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரைக்கும், கடைசியா முடிச்சவங்களுக்கு எத்தனை வருஷம் ஆச்சு, ஞாயித்துக்கிழமை லேப்ல ஆள் இருக்காங்களான்னு விசாரிங்க. அங்க மணி நம்மளைவிட மூன்றரை மணி நேரம் முன்னாடி, நீங்க ராத்திரி அனுப்பினா காலையில அவர் வந்து உக்காரும்போது மேலயே இருக்கும். எழுதினதை அனுப்பறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு தடவ அனுப்புங்க, பன்னெண்டு மணி வரைக்கும் முழிச்சிருப்பேன்.

அன்புடன்,
அக்கா