சித்திரை விடுமுறையில் வங்காலைக்குப் போனால் பூநாரை பார்க்கலாமா?

கேள்வி: நாங்கள் செட்டிகுளம். புத்தாண்டு விடுமுறைக்குப் பிள்ளைகளை மன்னார் மாவட்டத்து வங்காலைப் பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிப்போக நினைக்கிறோம். வான், வழிகாட்டி, அனுமதி எல்லாம் தானே பார்ப்பதாகவும், ஆயிரக்கணக்கில் பூநாரை காட்டுவதாகவும் சொல்லி ஒருவர் முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். சித்திரையில் பூநாரைக்கு உறுதி சொல்கிறவருக்குப் பறவைகளைத் தெரியாது, அல்லது தெரிந்தே உங்களை ஏமாற்றுகிறார்.

வாடைக் காற்றோடு வந்து சேரும் பறவைகளை மாசியில்தான் நிறையப் பார்க்கலாம். பங்குனி முடிவதற்குள் ஊசிவால் வாத்துகளும் பூநாரைகளில் பெரும்பகுதியும் கிளம்பிவிடும். ஒரு விலக்கு உண்டு, அதை வைத்துத்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. பூநாரைக் குஞ்சு வளர்ந்து நிறம் பிடிக்கச் சில வருடங்கள் ஆகும். இனப்பெருக்க வயது வராத பறவைக்கு அவசரமாகத் திரும்பிப் போக வேண்டிய தேவை இல்லை, அதனால் சில இங்கேயே தங்கிவிடும். ஆகவே "சித்திரையிலும் கண்டேன்" என்று ஒருவர் சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அவை சிறு கூட்டம். நிறமும் மங்கிய சாம்பல், படத்தில் பார்த்த ரோசா இல்லை. களப்பில் தண்ணீர் வற்ற வற்ற இடமும் மாறும். நேற்று நின்ற இடத்தில் இன்று வெடித்த சேறுதான் இருக்கும்.

இப்படிப்பட்டவர்கள் செய்வதில் எனக்குப் பொறுக்கவே முடியாதது இன்னொன்று. காசு கொடுத்தவர்களுக்குப் படம் வேண்டுமென்று தண்ணீருக்குள் இறங்கிக் கத்துவார்கள், கல் எறிவார்கள், ட்ரோன் விடுவார்கள். பூநாரை தண்ணீரில் ஓடி ஓடித்தான் மேலெழும்பும். நீண்ட பயணத்துக்கு உடம்பில் கொழுப்புச் சேர்க்கும் நேரத்தில் இப்படி நாலு தரம் விரட்டினால் தின்றதெல்லாம் வீண். உங்கள் பிள்ளைகள் முன்னால் யாராவது இதைச் செய்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

அனுமதி எடுத்துத் தருகிறேன் என்பதும் வெறும் பேச்சு. மன்னாருக்குப் போகும் ஏ14 வீதியே சரணாலயத்தின் ஊடாகத்தான் போகிறது. தாம்போதிப் பக்கம் (தண்ணீருக்கு நடுவே உயர்த்திப் போட்ட வீதி) வீதியோரம் பாதுகாப்பாக நின்று பார்க்க யாருக்கும் சீட்டுக் காசு கொடுக்க வேண்டியதில்லை. 2008இல் சரணாலயம், 2010இல் ராம்சார் ஈரநிலம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம், என்று அறிவித்தார்கள். அறிவித்து இத்தனை வருடத்துக்குப் பிறகும் எந்த மாதம் எந்தப் பறவை வரும் என்பதை ஒரு குடும்பம் வான்காரரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? அதிகாரிகளுக்கு இது தலைபோகிற வேலையா?

சரி, சித்திரையில் போவது வீண் என்று நினைக்க வேண்டாம். சைபீரியாவுக்குத் திரும்பவிருக்கும் வளைந்த அலகுள்ள சின்ன உள்ளான்கள், மாரி முழுவதும் சாம்பலாக நின்றவை, இந்த நாட்களில் செங்கல் நிறத்துக்கு மாறியிருக்கும். அந்த நிறத்தில் அவற்றைப் பார்க்க இங்கே கொஞ்ச நாட்கள்தான் கிடைக்கும். அப்புறம் நம் ஊரிலேயே இருக்கும் ஹனுமான் உப்புக்கொத்தி. இது தனி இனம் என்று 2023இல்தான் ஆய்வாளர்கள் காட்டினார்கள். கையளவு கூட இல்லாத பறவை, உப்புத் தரையில் வெறும் குழியில் முட்டையிடும். சிறகு முறிந்ததுபோல் இழுத்துக்கொண்டு ஒரு பறவை உங்கள் முன்னால் ஓடினால் முட்டையோ குஞ்சோ பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். பின்தொடராமல் வந்த வழியே திரும்புங்கள். வெயிலில் தாய் எழுந்து நின்றால் முட்டை வெந்துவிடும்.

விடியற்காலையிலேயே புறப்படுங்கள். எட்டு மணிக்குப் பிறகு கானல் அசையும், தூரத்துப் பறவை தெளியாது. சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். வானுக்கு வாடகை மட்டும் பேசுங்கள், எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் ஒன்றை இரவல் வாங்குங்கள். பிள்ளைகள் சலித்தால் திரும்பும் வழியில் முருங்கன் பக்கம் கட்டுக்கரைக்குளம் இருக்கிறது. நீலத் தாழைக்கோழியும் நத்தைகுத்தி நாரையும் எங்கும் போகாத பறவைகள். பூநாரைதான் வேண்டுமென்றால் அடுத்த மாசியில் ஒரு சனிக்கிழமை போங்கள்.