பன்னிரண்டு ஆண்டுகள் நின்ற புல்லட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் தந்தை 1984இல் வாங்கிய புல்லட் 350, அவர் மறைந்த நாள் முதல் 12 ஆண்டுகளாக எங்கள் வீட்டுக் கொட்டகையிலேயே நிற்கிறது. கிக்கர் அசையவில்லை. இன்ஜினை இறக்கி முழுவதும் பிரித்து ரீபோர் செய்ய (சிலிண்டரின் உட்சுவரைக் குடைந்து பெரிதாக்க) வேண்டும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். நானே கற்றுக்கொண்டு வண்டியை ஓட வைக்க விரும்புகிறேன். இதுவரை ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லை. எதில் தொடங்குவது? (நாமக்கல் மாவட்ட வாசகர்)

பதில்: இன்ஜினைப் பிரிக்காதீர்கள், இப்போதைக்காவது வேண்டாம். நல்ல ஓட்டத்தில் இருந்து நிறுத்தப்பட்ட வண்டிக்கு வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை நின்றதால் வந்தவையே: சிலிண்டர் சுவரில் படிந்த துரு, கார்புரேட்டரில் காய்ந்து பிசினாகிப் போன பெட்ரோல், பாயின்ட்டில் (திறந்து மூடித் தீப்பொறியை உண்டாக்கும் மின்தொடுப்பில்) ஏறிய களிம்பு, இறுகிய ரப்பர். எல்லாவற்றையும் ஒரே நாளில் கழற்றிப் பரப்பிவிட்டால், எது முன்பே பழுதாக இருந்தது, எது நம் கைபட்டுப் பழுதானது என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது. இப்படிப் பிரிக்கப்பட்டு, கோணிப்பையில் உதிரியாகக் கிடந்து, கடைசியில் எடைக்குப் போன வண்டிகளைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். அவற்றில் பல ஓடியிருக்கக்கூடியவை.

கிக்கரை ஓங்கி மிதிக்காதீர்கள். துருவில் ஒட்டிய பிஸ்டன் ரிங் உடைவது அப்படித்தான். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, டீசலும் இன்ஜின் ஆயிலும் சரிபாதி கலந்து, ஒரு சிறு டம்ளர் அளவு அந்தத் துளை வழியாக ஊற்றி, ஒரு வாரம் ஊற விடுங்கள். பிறகு வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, நான்காவது கியரில் போட்டு, பின்சக்கரத்தை இரு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னுமாக மெல்ல அசையுங்கள். முதலில் ஒரு நூலளவு நகரும். மறுநாள் இன்னும் கொஞ்சம் நகரும். அவசரப்படாதவருக்கு மட்டுமே இந்த வேலை கைகூடும்.

பிஸ்டன் விடுபட்டதும் ஆயிலைக் கவனியுங்கள். இந்த இன்ஜினில் ஆயில் தொட்டி, கிராங்க்கை (பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டை) மூடும் உறையின் வார்ப்பிலேயே தனி அறையாக அமைந்திருக்கிறது. நெடுநாள் நின்ற வண்டியில் அங்கிருக்கும் ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் இருக்கும் பகுதியில் தேங்கிவிடும். அடியிலுள்ள வடிகால் பிளக்குகள் எல்லாவற்றையும் திறந்து, பழைய ஆயிலை முழுவதும் வடித்த பிறகே புதிய ஆயிலை ஊற்ற வேண்டும். ராக்கருக்கு (இன்ஜின் தலையில் வால்வுகளைத் திறக்கும் கைக்கு) செல்லும் மெல்லிய ஆயில் குழாயின் மேல்முனையைச் சற்றே தளர்த்திவைத்து, பிளக் இல்லாமலே கிக்கரைப் பலமுறை மிதித்து, அங்கே ஆயில் ஊறி வருகிறதா என்று உங்கள் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அது வராமல் இன்ஜினைக் கிளப்பக் கூடாது.

அடுத்தது தீப்பொறி. பாயின்ட்டின் இரு முனைகளையும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துணியால் துடைத்து, நன்றாக விரிந்த நிலையில் அவற்றுக்கு இடையே 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்குமாறு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துச் சரிசெய்யுங்கள். பிளக் இடைவெளி அரை மில்லிமீட்டர் போதும். பேட்டரி வாங்கும் முன் உங்கள் வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்பதை பல்பிலும் காயிலிலும் உள்ள எழுத்தைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். பொறி நீலமாகப் பளிச்சென்று வந்தால் நல்லது. மஞ்சளாகச் சோர்ந்து வந்தால் பாயின்ட்டோடு இணைந்த கண்டன்சரை மாற்றிப் பாருங்கள். கார்புரேட்டர் ஜெட்டுகளை (பெட்ரோலை அளந்து விடும் நுண்துளைகளை) கம்பியால் குத்தாமல் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். கம்பி பட்டால் துளையின் அளவு மாறிவிடும்.

இனி கிளப்பலாம். சாவியைத் திருப்பிக் கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். பாயின்ட் மூடித் திறக்கும்போதெல்லாம் ஆம்ப் மீட்டர் (மின்னோட்டத்தைக் காட்டும் மானி) முள் இடப்புறம் சாய்ந்து நடுவுக்குத் திரும்பும். கிக்கர் கனத்து நின்று, முள்ளும் நடுவில் நிற்கும் இடத்தில் டிகம்ப்ரஷரை (சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் நெம்புகோலை) பிடித்து, கிக்கரை ஒரு விரற்கடை மட்டும் கீழே இறக்குங்கள். பிறகு டிகம்ப்ரஷரை விட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து ஒரே மூச்சில் மிதியுங்கள். பலத்தைவிட இந்த முள்ளைப் படிக்கும் பழக்கமே இங்கு உதவும். மெலிந்த உடல்வாகு கொண்டவர்களும் ஒரே மிதியில் கிளப்புவது இதனால்தான்.

ஊற்றிய டீசல் எரியும் வரை புகை அடர்த்தியாக வரும், அஞ்ச வேண்டாம். நன்றாகச் சூடேறி, ஐம்பது கிலோமீட்டர் ஓடிய பிறகும் நீலப்புகை நிற்கவில்லை என்றால், அப்போது ரீபோர் பற்றி யோசிக்கலாம். அதற்கும் சிலிண்டரைக் கழற்றி, லேத் பட்டறையில் போர் கேஜ் வைத்து அளந்த பிறகே முடிவெடுங்கள். இதன் மூல விட்டம் 70 மில்லிமீட்டர்; தேய்மானம் எவ்வளவு என்று அளக்காமலே ரீபோர் செய்யச் சொல்லும் ஆலோசனையை ஏற்காதீர்கள்.

கேள்வி: பழைய புல்லட்டில் ஒரு நட்டைக் கழற்ற 14ஆம் எண் ஸ்பேனர் போட்டேன். வழுக்கி, நட்டின் மூலைகள் மழுங்கிவிட்டன. 13 உள்ளேயே போகவில்லை. நட்டு குறைபாடுள்ளதா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: நட்டில் குறையில்லை. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் வடிவமைக்கப்பட்ட இந்த வண்டியை, 1955இல் சென்னையில் தொடங்கப்பட்ட என்ஃபீல்ட் இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் தயாரித்து வந்தது. வடிவமைப்போடு அந்நாட்டின் அங்குல மரைகளும் சேர்ந்தே வந்தன. விட்வொர்த் எனப்படும் அந்த அங்குல அளவுமுறையில் கால் அங்குல போல்ட்டின் தலை ஏறத்தாழ 13.3 மில்லிமீட்டர் அகலம் கொண்டது. அதனால்தான் 13 நுழையவில்லை, 14 தளர்ந்து வழுக்கியது. விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண் தலையின் அகலத்தைக் குறிப்பதன்று, போல்ட் தண்டின் விட்டத்தைக் குறிப்பது என்பதையும் நினைவில் வையுங்கள். விட்வொர்த் ரிங் ஸ்பேனர் செட் ஒன்றை வாங்குவதே உங்கள் முதல் செலவாக இருக்கட்டும். கழற்றிய நட்டுக்குப் பதிலாக மில்லிமீட்டர் நட்டை அழுத்தித் திணிக்காதீர்கள், மரை போய்விடும்.

கேள்வி: வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. பெயின்ட் முழுவதையும் சுரண்டிப் புதிதாக அடிக்கலாமா? ஆர்.சி. இன்னும் என் தாத்தா பெயரில் இருக்கிறது. அவர் இப்போது இல்லை. (மதுரை வாசகர்)

பதில்: டேங்கில் ஓடும் பொன்னிறக் கோடுகள் பழையவையாக இருந்தால் சுரண்டாதீர்கள். அவை தொழிற்சாலையில் தூரிகை பிடித்துக் கையால் இழுக்கப்பட்டவை. ஒருமுறை போனால் அந்தக் கை திரும்ப வராது. துரு ஏறிய இடத்தை மட்டும் சரிசெய்து, மற்றதை மெழுகு பூசித் துலக்கினாலே போதும் என்பது என் உறுதியான கருத்து.

ஆர்.சி.யைப் பொறுத்தவரை, உரிமையாளர் மறைந்த நிலையில் வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31, 15 ஆண்டு கடந்த பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25. இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி.யில் உள்ளபடியே தெளிவாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள்; அவற்றின் மேல் பெயின்ட் அடித்து மூடிவிடாதீர்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் சாலைக்குக் கொண்டுவரவும் கூடாது.

சாலைக்கு வரும் முன் காலியான மைதானத்தில் இரண்டு மாலைகள் ஓட்டிப் பழகுங்கள். இதில் கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. இக்காலத்து வண்டி ஓட்டிப் பழகிய கால், ஆபத்து நேரத்தில் பிரேக் என்று எண்ணி வலப்புறம் மிதித்தால் வண்டி நிற்காது, கியர்தான் மாறும்.