ஒரே தூண்டில் நரம்பில் ஐந்து முள் போடலாமா?

கேள்வி: மே மாதம் அமெரிக்கா போகிறேன். மினசோட்டாவில் மகன் வீடு, அப்புறம் கலிஃபோர்னியாவில் மகள் வீடு. இங்கே உப்பனாற்றில் ஒரே தங்கூசியில் (தூண்டில் நரம்பில்) ஐந்து முள் கட்டி, இறால் கோத்து, கிழங்கான் பிடித்துப் பழகியவன் நான். அங்கே அது குற்றம் என்கிறான் மகன். நிஜமா? நம் ஊரிலும் இப்படிச் சட்டம் உண்டா?
- வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: மகன் சொல்வது அவர் இருக்கும் மாநிலத்துக்கு நிஜம்தான். அங்கே மீன்பிடி விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மினசோட்டா ஏரிகளில் கோடையில் ஆளுக்கு ஒரு தூண்டில், அதில் ஒரு முள், அவ்வளவுதான். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது: மீன் வடிவச் செயற்கை இரை ஒன்றில் கம்பெனிக்காரனே மூன்று முள் மாட்டியிருந்தாலும் அது ஒரே முள்ளாகத்தான் கணக்கு. உங்கள் செட்டில் ஒவ்வொரு முள்ளிலும் தனித்தனியாக இறால் தொங்குகிறது, அதனால் அது ஐந்து. நான்கைக் கிளை நரம்போடு வெட்டி எடுத்துவிட்டு, ஈயக் குண்டுக்கு மேலே ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

2011-இல் அலபாமாவின் கன்டர்ஸ்வில் ஏரியில் பால் எலியாஸ் என்பவர் குடைக்கம்பி போல விரியும் ஐந்து கம்பியில் ஐந்து செயற்கை மீன் கட்டிப் போட்டியில் ஜெயித்தார். அதற்குப் பிறகுதான் ஒரு நரம்பில் எத்தனை முள் என்ற சண்டை பல மாநிலங்களில் பெரிதானது. மினசோட்டாவில் அந்தக் குடையையும் போடலாம், ஆனால் ஒன்றில்தான் முள் இருக்க வேண்டும், மற்றதெல்லாம் வெறும் பொம்மை. எனக்கு இது நியாயமான விதியாகவே படுகிறது. மீன் கூட்டமாக வரும் நேரத்தில் ஒரே வீச்சில் நான்கைந்து மாட்டினால், சின்னதை அடிபடாமல் கழற்றித் தண்ணீரில் விட நமக்கு எத்தனை கை இருக்கிறது?

லைசென்ஸை மறந்துவிடாதீர்கள். 16 வயது நிரம்பிய வெளியூர்க்காரர் மினசோட்டாவில் கட்டாயம் வாங்க வேண்டும், சில நாளுக்கு மட்டும் என்றும் கிடைக்கும். கலிஃபோர்னியாவில் கடலுக்குள் நீளும் பொதுப் பாலத்தில் நின்று பிடித்தால் லைசென்ஸே வேண்டாம், ஆளுக்கு இரண்டு தூண்டில் வரை போடலாம். அங்கே பல முள் வைத்த இறகுத் தூண்டிலைச் சாபிகி என்று கடையிலேயே விற்கிறார்கள், கானாங்கெளுத்தி மாதிரியான சின்ன மீனுக்கு. ராக்ஃபிஷ் பிடிக்க மட்டும் ஒரு நரம்பு, இரண்டு முள். (அது நம்ம பாறை மீன் இல்லை, வேறு இனம்.) செட்டைக் கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் போடுங்கள்.

நம் பக்கம் முதலில் பார்க்க வேண்டியது முள் எத்தனை என்பதை அல்ல, தண்ணீர் யாருடையது என்பதை. 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் முக்கியமாகப் படகுகளைப் பற்றியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடையும் விசைப்படகுகளுக்குத்தான். வெடி வைப்பதும் விஷம் கலப்பதும் 1897-ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். ஏரி என்றால் குத்தகைதாரரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். புதுச்சேரி அருகே உள்ள ஊசுட்டேரி 2008 முதல் பறவைகள் சரணாலயம், அங்கே ஒரு முள்ளும் வேண்டாம்.